"சும்மா ஜாலிக்குத்தானே!" – குற்றமும் சமூக நெறியும்: ஓர் அறிமுகம்

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். மார்க் கிடையாது, பயப்பட வேண்டாம்.

நாலு விஷயம் சொல்றேன். இதில் எதெல்லாம் சட்டப்படி தப்பு என்று மனசுக்குள்ளேயே டிக் பண்ணிக்கோங்க. நண்பனுக்கு ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ் கொடுப்பது. காலேஜ் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை ஒரே பைக்கில் மூணு பேர் போவது. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பவுனை அக்கா கல்யாணத்தில் போடுவது. ஹாஸ்டலுக்குப் புதுசா வந்த ஃபர்ஸ்ட் இயர் பையனை, அவனுக்கு இஷ்டம் இல்லாதபோது, எல்லார் முன்னாடியும் பாடச் சொல்வது.

விடை: ப்ராக்ஸி என்பது கல்லூரி விதியை மீறுவது. மாட்டினால் ஹெச்.ஓ.டி. ரூம், அப்பாலஜி லெட்டர், அவ்வளவுதான். மற்ற மூன்றும் சட்டத்தை மீறுவது. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி கேட்பது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். பாடச் சொல்வது ராகிங். தமிழ்நாட்டில் அதற்கு 2 ஆண்டு வரை சிறை.

இப்போ இன்னொரு கேள்வி. இந்த நாலில் எதைச் செய்யும்போது நமக்கு உண்மையிலேயே நெஞ்சு படபடக்கும்? என்னைக் கேட்டால் ப்ராக்ஸி. சத்தியமா. வரதட்சணையைப் பொறுத்தவரை, எத்தனை பவுன் போட்டோம் என்பதை மண்டபத்தில் பெருமையாகச் சொல்வதைத்தான் பார்த்திருக்கிறோம். சட்டம் போடும் வரிசை ஒன்று, நம் மனசு போடும் வரிசை வேறொன்று. ஏன் இப்படி என்று கேட்பதுதான் குற்றவியல், சமூகவியல் இரண்டுக்கும் நுழைவாயில். ஏழாவது செமஸ்டரில் ஓபன் எலெக்டிவாக இதைப் படித்தபோது (சீட் காலியாக இருந்த ஒரே பேப்பர் இதுதான் என்பது வேறு கதை) எனக்குப் பிடித்துப்போன சில கருத்துகளை இங்கே சொல்லப் பார்க்கிறேன். உதாரணம் எல்லாம் நம்ம கேம்பஸிலிருந்தே. முக்கியமாக ராகிங்.

முதலில் 'நெறி' என்ற சொல். ஒரு கூட்டத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதே, அதுதான் சமூக நெறி. அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கிரஹாம் சம்னர் 1906-இல் இதை இரண்டாகப் பிரித்தார். மீறினால் முகம் சுளிப்பார்கள், அதோடு விடுவார்கள் என்ற அளவில் இருப்பவை வழக்கங்கள். லேபுக்கு ஷர்ட் டக்-இன் பண்ணாமல் போவது, சீனியரை 'அண்ணா' போடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி. மீறினால் மனசு கொதிக்கும், 'இவன் மனுஷனா?' என்று கேட்க வைக்கும் என்பவை ஒழுக்க நெறிகள். நண்பனின் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அவனிடம் கடனைத் திருப்பிக் கேட்பது மாதிரி. இரண்டுக்கும் போலீஸ் வராது. ஆனால் இரண்டாவதைச் செய்தவனுக்கு மெஸ்ஸில் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். இந்த மாதிரிச் சமூகம் கொடுக்கும் தண்டனைக்கு முறைசாராத் தடை என்று பெயர். சஸ்பென்ஷன், ஃபைன், ஜெயில் எல்லாம் முறைசார்ந்த தடை. எனக்குத் தெரிந்தவரை நாற்காலி காலியாவதற்குத்தான் பசங்க அதிகம் பயப்படுவாங்க.

நெறியிலிருந்து விலகுவது 'பிறழ்வு'. சட்டத்தை மீறி, அரசு தண்டிக்கக்கூடியதாக இருந்தால் அது 'குற்றம்'. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறிய இரண்டு வட்டங்களாக வரைந்து பாருங்கள், பிளஸ் டூவில் போட்ட வென் டயகிராம் மாதிரி. கொலை, திருட்டு இரண்டு வட்டத்திலும் இருக்கும். கடன் கேட்ட நண்பன் பிறழ்வு வட்டத்தில் மட்டும். ட்ரிபிள்ஸ், வரதட்சணை எல்லாம் குற்ற வட்டத்தில் இருக்கும், ஆனால் ஊர் அதைப் பிறழ்வாகவே பார்க்காது.

இந்த வட்டங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதுதான் சுவாரஸ்யம். 2018 செப்டம்பரில், ஒரே மாதத்தில், உச்ச நீதிமன்றம் இரண்டு முறை கோட்டை மாற்றி வரைந்தது. வயது வந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் தன்பாலின உறவு குற்றமில்லை என்று 377-ஆவது பிரிவில் தீர்ப்பு வந்தது. அடுத்து, 1860-இலிருந்து குற்றமாக இருந்த, திருமணம் தாண்டிய உறவு பற்றிய 497-ஆவது பிரிவு ரத்தானது. இரண்டாவதில் கவனியுங்கள்: அது குற்றம் இல்லை என்றுதான் கோர்ட் சொன்னது, நல்ல காரியம் என்று சொல்லவில்லை. இன்றும் அதைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம். குற்ற வட்டத்திலிருந்து வெளியே வந்தது, பிறழ்வு வட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. முதலாவதில் நிலைமை இன்னும் சிக்கல். சட்டம் ஒரே நாளில் மாறிவிட்டது, ஆனால் எத்தனை வீடுகளில் மாறியிருக்கிறது?

எமில் துர்கைம் என்ற பிரெஞ்சுக்காரர் 1895-லேயே இதைக் கொஞ்சம் வம்பாகச் சொன்னார். குற்றமே இல்லாத சமூகம் என்று ஒன்று இருக்கவே முடியாது, குற்றம் என்பது சமூகத்தின் இயல்பான அம்சம் என்றார். முழுக்க முழுக்கத் துறவிகளே வாழும் மடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கொலை, திருட்டு இருக்காது. ஆனால் நமக்குக் கண்ணிலேயே படாத ஒரு சின்னத் தப்பு அங்கே பெரிய குற்றமாகத் தெரியும். அதாவது கோடு எங்கே என்று தெரிய யாராவது ஒருவர் அதைத் தாண்ட வேண்டியிருக்கிறது, மற்றவர்கள் சேர்ந்து கோபப்பட வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் ராகிங் விஷயத்தில் அந்தக் கோபம் 1996-இல் வந்தது. சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரியில் படித்த முதலாண்டு மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்டார். மாநிலமே அதிர்ந்தது. உடனே அவசரச் சட்டம், பிறகு 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், தண்டிக்கப்பட்டவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார், வேறு கல்லூரியிலும் சேர முடியாது. அதுவரை 'பாரம்பரியம்' என்று பெயர் வைத்திருந்த ஒன்று குற்ற வட்டத்துக்குள் வந்தது.

அந்தச் சட்டம் ராகிங்குக்குக் கொடுக்கும் விளக்கத்தை நம்மில் பெரும்பாலோர் படித்ததே இல்லை. அடி, உதை மட்டும்தான் ராகிங் என்று நினைக்கிறோம். சட்டம் அங்கே நிற்கவில்லை. பயமோ வெட்கமோ சங்கடமோ ஏற்படுத்துவது, கிண்டல் செய்வது, அந்த மாணவர் சாதாரணமாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வது எல்லாமே உள்ளே வருகிறது. ஆகவே 'இன்ட்ரோ கொடு', 'டான்ஸ் ஆடு', 'என் ரெக்கார்ட் நோட்டை எழுதிக் கொடு', 'அந்த அக்காகிட்ட போய் ப்ரபோஸ் பண்ணு' எல்லாம் ராகிங்தான். 2006-இல் உச்ச நீதிமன்றம் முன்னாள் சி.பி.ஐ. இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. 2009-இல் யு.ஜி.சி. விதிகள் வந்தன. ஒவ்வொரு வருஷமும் நாமும் அப்பா அம்மாவும் கையெழுத்துப் போடுகிறோமே, அந்த உறுதிமொழிப் பத்திரம் அதிலிருந்து வந்ததுதான். 2016-இல் திருத்தம் செய்து சாதி, மதம், நிறம், பாலினம், பாலியல் நாட்டம், தோற்றம், ஊர், மொழி ஆகியவற்றை வைத்துச் செய்யும் இழிவும் ராகிங் என்று தெளிவாகச் சேர்த்தார்கள். 'நீ எந்த ஊரு? என்ன ஆளுங்க?' என்ற கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்தத் திருத்தத்தின் அருமை புரியும்.

ஆக, சட்டம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆச்சு. கேட்டில் போர்டு இருக்கிறது, போர்டில் 1800-180-5522 என்ற ஹெல்ப்லைன் நம்பர் இருக்கிறது. அப்புறமும் ஏன் முழுசாகப் போகவில்லை? இங்கேதான் 'மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள்' என்ற பழைய கேள்விக்குப் போக வேண்டும்.

இத்தாலிய மருத்துவர் லோம்ப்ரோசோ 1876-இல் சொன்ன பதில், குற்றவாளிகள் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கிறார்கள், தாடை, காது, மண்டை ஓட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்பது. அறிவியல் இதை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டது. நம்ம சினிமா வில்லன்கள் மட்டும் இன்னும் விடவில்லை. எட்வின் சதர்லேண்ட் இதற்கு நேரெதிர். மொழியைக் கற்பது போல, நெருங்கிப் பழகும் கூட்டத்திடமிருந்து குற்றத்தையும் கற்கிறோம் என்றார். எப்படிச் செய்வது என்பதோடு, அது ஏன் தப்பில்லை என்பதையும் சேர்த்துக் கற்கிறோம்.

ராபர்ட் மெர்டன் 1938-இல் சொன்னது வேறு. சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டுகிறது, அதை அடையும் நேர்வழியை மட்டும் எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பதில்லை. அந்த இடைவெளியில் மனிதர்கள் ஐந்து விதமாக நடந்துகொள்கிறார்கள். நம் இலக்கை 'பிளேஸ்மென்ட்' என்று வைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும். இலக்கையும் வழியையும் ஏற்று ஒழுங்காகப் படிப்பவர் ஒரு வகை. இலக்கு வேண்டும், வழி வேண்டாம் என்று ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வாங்குகிறவர் இரண்டாவது வகை. மெர்டன் இவருக்கு வைத்த பெயர் 'புதுமை காண்பவர்'. இலக்கே மறந்துபோய், 75 சதவீத அட்டெண்டன்ஸுக்காக மட்டும் வந்து புரியாமலே ரெக்கார்ட் எழுதுகிறவர் சடங்குக்காரர். இரண்டையும் விட்டுவிட்டு ரூமிலேயே படுத்திருப்பவர் ஒதுங்கியவர். இந்த இலக்கே தப்பு, வேறொன்று வேண்டும் என்பவர் கலகக்காரர். ஒரே பெஞ்சில் ஐந்து பேரையும் பார்க்கலாம்.

ஆனால் மெர்டனை வைத்து ராகிங்கை விளக்க முடியவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பையனை நிற்க வைத்து அழ வைப்பதால் யாருக்கு என்ன பிளேஸ்மென்ட் கிடைக்கப் போகிறது? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல விளக்கம், க்ரெஷம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா இருவரும் 1957-இல் எழுதிய கட்டுரை. இளம் குற்றவாளிகளுக்கு நெறி என்பதே கிடையாது, அவர்கள் உலகமே தனி என்று அப்போது ஒரு கருத்து இருந்தது. இவர்கள் இல்லை என்றார்கள். அந்தப் பையன்களுக்கும் தப்பு எது, சரி எது என்று நம்மைப் போலவே தெரியும். குற்ற உணர்ச்சியும் வரும். அதனால்தான் அவர்களுக்குச் சாக்கு தேவைப்படுகிறது. செய்த பிறகு தப்பிக்க மட்டுமல்ல; செய்வதற்கு முன்பே மனசாட்சியைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வைக்க. இதில் ஐந்து உத்திகளை அவர்கள் காட்டினார்கள். அந்த ஐந்தையும் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் ஐந்துமே நம்ம ஹாஸ்டல் டயலாக்.

"சும்மா ஜாலிக்குத்தானே, யாருக்கு என்ன ஆச்சு?" – இது பாதிப்பையே மறுப்பது. "அவன் முதல் நாளே திமிரா வந்தான், அதான் கொஞ்சம் தட்டி வச்சோம்" – பாதிக்கப்பட்டவனை மறுப்பது, அதாவது அவனுக்கு இது தேவைதான் என்று ஆக்குவது. "சீனியர்ஸ் சொன்னாங்க, நாங்க என்ன பண்றது? எங்களையும் இப்படித்தான் பண்ணாங்க" – பொறுப்பை மறுப்பது. "நிர்வாகம் மட்டும் யோக்கியமா? ஃபைன் போட்டே காசு பாக்குறாங்க" – குறை சொல்பவரையே குறை சொல்வது. "இதெல்லாம் இருந்தாதான்டா டிபார்ட்மென்ட்ல ஒத்துமை வரும், நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா இவங்கதான் வந்து நிப்பாங்க" – பெரிய விசுவாசம் ஒன்றைக் காட்டிச் சின்ன நெறியை ஒதுக்குவது.

கடைசிச் சாக்குதான் ரொம்ப ஆபத்து என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு துளி உண்மை இருப்பது போலத் தோன்றும். சீனியர் ஜூனியர் உறவு நமக்கு வேண்டும்தான். பழைய கொஸ்டின் பேப்பர், இன்டர்ன்ஷிப் தகவல், பண உதவி, எல்லாம் அதில்தான் வருகிறது. ஆனால் அதற்கு ஒரு பையனை ஒற்றைக் காலில் நிற்க வைக்க வேண்டிய அவசியம் எங்கே வந்தது?

சைக்ஸும் மாட்ஸாவும் சொல்லாமல் விட்ட ஒரு பகுதியைச் சமூக உளவியல் சொல்கிறது. ஒரு ரூமில் எட்டு செகண்ட் இயர் பசங்க இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு ஃபர்ஸ்ட் இயர் நிற்கிறான். எட்டு பேரில் ஆறு பேருக்கு உள்ளுக்குள் 'இது ஓவரா போகுது' என்றுதான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒவ்வொருவனும் மற்ற ஏழு பேரின் சிரிப்பைப் பார்த்து 'இவனுங்களுக்கெல்லாம் பிடிச்சிருக்கு, நமக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு' என்று முடிவு கட்டுகிறான். தானும் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு அடுத்தவனுக்குச் சாட்சியாகிவிடுகிறது. பெரும்பான்மைக்குப் பிடிக்காத ஒன்று, பெரும்பான்மையின் விருப்பம் என்ற பெயரில் நடக்கிறது. இதைப் பன்மை அறியாமை என்று சொல்லலாம். எல்லோரும் சேர்ந்து ஒரே விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது.

இது கற்பனைக் கணக்கு என்று நினைக்காதீர்கள். 1993-இல் டெபோரா ப்ரென்டிஸ், டேல் மில்லர் இருவரும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டார்கள். கேம்பஸில் நடக்கும் குடி உனக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது, மற்ற மாணவர்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று நினைக்கிறாய் என்று இரண்டு கேள்வி. 'எனக்கு அவ்வளவாக இல்லை, மற்றவர்களுக்கு ஓகேதான்' என்பதே சராசரி பதில். எல்லோருமே அப்படிச் சொன்னால், அந்த 'மற்றவர்கள்' யார்? அதைவிட வருத்தமான விஷயம், அந்த செமஸ்டர் போகப் போக ஆண் மாணவர்களின் சொந்தக் கருத்தே, அவர்கள் தப்பாகக் கற்பனை செய்திருந்த பொதுக் கருத்தை நோக்கி நகர்ந்தது. இல்லாத நெறி, நம்பியதாலேயே இருக்கும் நெறியாக மாறியது.

ராகிங்குக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் சட்டம் ஏன் பாதி வழியில் நிற்கிறது என்று புரிகிறது. இத்தாலியின் செசாரே பெக்காரியா 1764-லேயே சொல்லிவிட்டார்: தண்டனையின் கடுமையைவிட, தண்டனை நிச்சயம் வரும் என்ற உறுதிதான் குற்றத்தைத் தடுக்கும். 2 ஆண்டு சிறை என்பது கடுமைதான். ஆனால் நிச்சயம் வர வேண்டுமென்றால் யாராவது புகார் கொடுக்க வேண்டும். பார்த்த எட்டு பேரும் 'எல்லாருக்கும் ஓகே' என்று நம்பிக்கொண்டிருக்கும்போது, நின்றவனும் 'கம்ப்ளெயின்ட் பண்ணா நாலு வருஷம் ஒதுக்கிடுவாங்க' என்று பயப்படும்போது, புகார் எங்கிருந்து வரும்? அதனால்தான் குற்றவியலில், பதிவான குற்ற எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது என்பது முதல் பாடம். புகார் இல்லை என்பதும் ராகிங் இல்லை என்பதும் ஒன்றல்ல. புகார்ப் பெட்டி காலி என்று பெருமைப்படும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்கலாம்.

சரி, புகார் வந்து மாட்டிக்கொண்டவனை என்ன செய்வது? 'ரவுடி' என்று பெயர் வைத்து ஒதுக்கிவிடுவதா? ஹோவர்ட் பெக்கர் 1963-இல் முத்திரை குத்துவது பற்றி எழுதினார். பிறழ்வு என்பது செயலுக்குள் மட்டும் இருப்பதில்லை, யார் யாருக்கு அந்தப் பெயரை ஒட்டுகிறார்கள் என்பதிலும் இருக்கிறது என்றார். அந்த முத்திரை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் மண்ணிலேயே கொடூரமான உதாரணம் உண்டு. 1871-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சில சமூகங்களையே, பிறந்த குழந்தை உட்பட, குற்றவாளிகள் என்றது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதிய வேண்டும், அழைக்கும்போது ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 15-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே யாரும் ஒரு குற்றம் செய்து, அதற்காகத் தண்டிக்கப்படவில்லை. முத்திரை முதலில், குற்றம் பிறகு. 1952-இல் நாடு முழுக்க அந்தச் சட்டம் போனது. கம்யூனிட்டி சர்டிஃபிகேட்டில் 'சீர்மரபினர்' என்று பார்க்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

ராகிங் செய்தவனையும் அந்த மக்களையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அவன் நிஜமாகவே ஒன்றைச் செய்திருக்கிறான், அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஜான் ப்ரெய்த்வெய்ட் 1989-இல் சொன்ன வேறுபாடு இங்கே உதவும். 'நீ செய்தது கேவலம்' என்று சொல்லி, பதில் சொல்ல வைத்து, திரும்பச் சேர்த்துக்கொள்வது ஒன்று. 'நீயே கேவலம்' என்று சொல்லித் தள்ளிவிடுவது இன்னொன்று. இரண்டாவதில் அவனைச் சேர்த்துக்கொள்ள மிச்சம் இருப்பது அவனைப் போன்றவர்கள் மட்டும்தான் என்கிறார். உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குப் போனவர்களுக்கு இதைச் சொல்ல முடியாது, அங்கே போலீஸ்தான். ஆனால் நான் மேலே சொன்ன எட்டு பேரில் பெரும்பாலோர் முதல் வழியில் திரும்பி வரக்கூடியவர்கள்.

அந்த எட்டு பேர் ரூமுக்கே திரும்பிப் போவோம். பன்மை அறியாமையில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: அது ரொம்ப பலவீனமான கட்டடம். எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும்தான் அதன் ஒரே தூண். யாராவது ஒருத்தன் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "டேய், நாளைக்கு இவனுக்கு எட்டரைக்கு கிராஃபிக்ஸ் கிளாஸ் இருக்கு, விடுங்கடா" என்று சொன்னால் போதும். ஹீரோ மாதிரி சொல்ல வேண்டிய அவசியமில்லை, கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்லலாம். மற்ற ஐந்து பேரும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வருஷ ஃபர்ஸ்ட் இயர் பேட்ச் அடுத்த வாரம் ஹாஸ்டலுக்கு வருகிறது. ப்ளாக்குக்கு இரண்டு ஃபைனல் இயர் பேர் ராத்திரி பத்து முதல் பன்னிரண்டு வரை காரிடாரில் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலே நிறைய நடக்காமல் போகும். வர விருப்பமுள்ளவர்கள் இதழ் குழுவில் யாரிடமாவது பெயர் கொடுங்க. டீ செலவு எங்களுது.